வெனிசில் இறங்கும் இடம்

வெனிஸ் நகரத்துக்குத் திருத்தணியிலிருந்து எப்படிப் போவது என்று யாராவது கேட்டால் நான் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே சொல்லிவிடுவேன். பம்பாய் போகும் ரயில் நம் ஊர் வழியாகத்தான் போகிறது, அரக்கோணத்தில் மாறுகிற வேலை இல்லை. பம்பாயில் கப்பல். கப்பல் இத்தாலியில் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் ரயில். அந்த ரயில் கடைசியில் கொஞ்ச தூரம் கடல் மேலேயே ஓடும், பயப்படக் கூடாது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் வண்டி ஸ்டாண்டு இருக்காது, தண்ணீர் இருக்கும். படகைக் கூப்பிட வேண்டும். படகில் நடுவில் உட்கார வேண்டும்.

இவ்வளவும் சொல்கிற நான் வெனிசைப் பார்த்தவன் இல்லை. எனக்குச் சொன்னவரும் பார்த்ததில்லை. அவர் ஸ்டேஷனுக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவே ஜட்கா ஓட்டியவர். நாற்பதுகளில் என் தையல் கடை ஏரிக்கரைத் தெருவில் இருந்தது. அவர் வீடும் அதே தெருதான், பத்து வீடு தள்ளி. காலையில் குதிரையைப் பூட்டிக்கொண்டு போகும்போது ஒரு பேச்சு, சாயங்காலம் அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்து ஒரு பேச்சு. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன். அவர் என்னை டெய்லரு என்பார்.

ஊரில் ஜட்காக்காரர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். ஒன்பது பேர் சவாரி வந்தால் "எங்க போவணும்?" என்று கேட்பார்கள். இவர் மட்டும், "எறங்குற எடம் எப்பிடி?" என்று கேட்பார்.

வெளியூர்க்காரர்கள் விழிப்பார்கள். மலைக்குத்தானே போகிறோம், இறங்குகிற இடத்தைப் பற்றி நமக்கென்ன தெரியும் என்று. ஆனால் அவருக்கு அது தெரிந்தாக வேண்டும். பக்கத்தில் சாக்கடை உண்டா, மேடா பள்ளமா, கையில் பிள்ளை இருக்கிறதா, முழங்கால் வலிக்காரர் யாராவது உண்டா. வண்டிக்குக் கீழே ஒரு முக்காலியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வண்டி நின்றதும் முதலில் இறங்குவது அந்த முக்காலிதான். அதை மண்ணில் அழுத்தி, தன் காலால் ஏறி நின்று பார்த்து, அப்புறம்தான் சவாரியைக் கைகொடுத்து இறக்குவார்.

"ஏர்றது எவனும் ஏறிடுவான் டெய்லரு. எறங்கறப்பதான் மனுசன் மனுசனாட்டம் எறங்கணும்" என்பார்.

ஒரு தடவை ஆர்.கே.பேட்டைப் பக்கத்துப் பெரிய விவசாயி ஒருவர் குடும்பத்தோடு வந்தார். அடிவாரத்தில் அன்று நல்ல கூட்டம், சேறு. இவர் வண்டியை நிறுத்துகிறார், பார்க்கிறார், வேண்டாம் என்று மறுபடி ஓட்டுகிறார். அடிவாரக் குளத்தைச் சுற்றி மூன்றாவது முறை வந்தபோது உள்ளேயிருந்து அந்த மனிதர் கத்தினார்.

"ஏன்யா, இன்னா சாமி பொறப்பாடா? இட்டுகினு சுத்திகினே கீற!"

"எறங்குற எடம் பாக்கறேன் மொதலாளி."

"எங்கயாவது எறக்கி வுடுய்யா, நாங்க என்ன கண்ணாடிச் சாமானா?"

"நீங்க இல்லைங்க. அம்மா பட்டுப் பொடவை கட்டிக்கினு கீறாங்க. சேறு பட்டா வூட்டுக்குப் போற வரைக்கும் உங்களத்தான் திட்டுவாங்க."

உள்ளே அந்த அம்மாள் சிரித்தது தெருவரைக்கும் கேட்டதாம்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தியைச் சொன்னபோதும் அதே கேள்விதான். "பொண்ணு கெடக்குது. மாமனார் வூட்ல எறங்குற எடம் எப்பிடி?"

"ஓட்டு வீடுண்ணா. வாசல்ல ரெண்டு படி."

"அத யாரு கேட்டா? போய் எறங்குனா மொகம் குடுத்து வான்னு சொல்றாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருந்தார்கள். "அப்பக் கட்டிக்கோ" என்று உத்தரவு கொடுத்துவிட்டுப் போனார்.

இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது தெருவுக்கே தெரியும், ஆனால் யாரும் அதை அவரிடம் பேசமாட்டார்கள். அண்ணிக்கு, அதாவது அவர் மனைவிக்கு, சின்ன வயதுக் காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போயிருந்தது. வீட்டுக்குள் ஒரு கழியை ஊன்றி நடப்பார்கள். வாசலில் உட்கார்ந்து காவடிக்குப் பூ கட்டித் தருவார்கள். நாள் தவறாமல் அவர்கள் கட்டிய பூ மலை ஏறியது. அவர்கள் ஏறியதில்லை. கல்யாணமான புதிதில், ஆடிக் கிருத்திகை அன்று, அண்ணன் அவர்களைக் கடைத்தெருவில் எல்லாரும் பார்க்கத் தூக்கி ஜட்காவில் வைத்தாராம். கூட்டத்தில் எவனோ ஒருவன், "பாத்து எடுய்யா காவடிய, பால் சிந்திடப்போவுது!" என்று கத்த, தெருவே சிரித்தது. அன்றோடு சரி. ஜட்காக்காரர் பெண்சாதி ஜட்காவில் ஏறியதில்லை.

மலைக்குத் தூக்கிப்போக டோலி இருக்கிறதே என்று யாராவது சொன்னால் அண்ணி பூவிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொல்வார்கள். "நாலு பேரு தூக்கற நாளு ஒண்ணு இருக்குது. அதுக்கு இப்ப இன்னா அவசரம்? சாமிக்குத்தான் மயிலு இருக்குதே, அவரு எறங்கி வரட்டும். நானா வேணாங்கறேன்?"

பேச்சு அப்படி. ஆனால் சாயங்காலத்தில் மலைமேல் விளக்கு ஏற்றும்போது அவர்கள் கை கொஞ்ச நேரம் பூவை விட்டுவிட்டுச் சும்மா இருக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன். அண்ணனும் பார்த்திருப்பார்.

உலகச் சண்டை முடிந்த அடுத்த வருஷம் அண்ணியின் சித்தப்பா மகன் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தான். கே.ஜி.கண்டிகைக்காரன். அக்கா புருஷன் என்பதால் அண்ணனைப் பாவா என்பான். இத்தாலியில் பாலம் கட்டுகிற படையில் இருந்தவன். குண்டு போட்டு உடைத்த பாலத்தையெல்லாம் இவர்கள் ஒரே நாளில் கட்டுவார்களாம். சண்டை ஓய்ந்ததும் இரண்டு நாள் லீவு கொடுத்து வெனிசைச் சுற்றிப் பார்க்க லாரியில் அனுப்பியிருக்கிறார்கள். என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அவன் அந்தக் கதையைச் சொன்ன அன்றுதான் எல்லாம் ஆரம்பித்தது.

"தெருவே தண்ணி பாவா. வாசக்கதவ தொறந்தா தண்ணி."

"ஏரி ஒடைஞ்சிகிச்சா?" என்றார் அண்ணன்.

"இல்ல, கட்டறப்பவே அப்பிடித்தான்."

"அப்ப ஜட்கா?"

"ஜட்கா ஏது, குதிரையே கெடையாது. கோயில் வாசலுக்கு மேல நாலு குதிரை நிக்குது. செப்புக் குதிரை. அவ்ளோதான்."

அண்ணன் தலையாட்டினார். "குதிரைய கோயிலு மேல ஏத்தி வெச்சிட்டு மனுசன் படகுல போறான். வெவரமான ஊருதான்." அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு கேட்டார். "மச்சான், ஒரு வூட்லேர்ந்து இன்னொரு வூட்டுக்குப் போவணும்னா?"

"படகுதான்."

"வாசல்லயே ஏறி, வாசல்லயே எறங்கிக்கலாம்?"

"ஆங்."

"நடக்கவே வேணாம்?"

பட்டாளத்தான் அவர் முகத்தைப் பார்த்தான். தன் அக்காவை நினைத்திருப்பான். "வேணாம் பாவா" என்றான்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அண்ணன் நான்கு மாதம் திட்டம் போட்டார். அண்ணி யாரும் தூக்காமல் தானாக ஏறி, தானாக இறங்கி, ஊர் பார்க்க வேண்டும். உலகத்தில் அதற்கென்றே ஓர் ஊரைக் கட்டி வைத்திருக்கிறார்கள். போகாமல் இருந்தால் எப்படி? காசுக்கு என்ன செய்வாய் என்று ஊர் கேட்டது. "அது கடைசிக் கேள்வி, மொதல்ல மொதக் கேள்விய முடிக்கலாம்" என்றுவிட்டார்.

முதல் கேள்வி என்ன என்று உங்களுக்கே தெரியும். பட்டாளத்தான் வந்தால் பிடித்து உட்காரவைப்பார். கப்பலில் எப்படி ஏறுவது? சாய்த்து வைத்த பலகை. ஈரமாக இருந்தால் வழுக்குமே? பட்டாளத்துக் கோவேறு கழுதைகளைக் கச்சை கட்டித் தூக்கி இறக்கினார்கள், பாவா. இதைப் போய் அண்ணியிடம் சொன்னதற்கு, "மயிலு வரலேன்னா கழுதையா? நல்லா கீதுய்யா உன் ஏற்பாடு!" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஊருக்குள் போனதும் முதலில் குளித்து, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் சுற்ற வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எந்தத் தெருவில் பெண்கள் குளிக்கத் துறை இருக்கிறது என்று கேட்டார். தெருவில் குளித்தால் போலீஸ் பிடிக்கும் என்றான் பட்டாளத்தான். "தெருவுல தண்ணிய வுட்டது அவன். குளிச்சா நம்மளப் புடிப்பானா?" என்றார். ஊரை வலமாகத்தான் சுற்ற வேண்டும், படகுக்காரன் இடமாகப் போனால் என்ன செய்வது என்று இரண்டு நாள் கவலைப்பட்டார்.

என் சாக்குக்கட்டியை எடுத்து வெட்டுப் பலகையில் வெனிசின் பெரிய கால்வாயைப் போட்டுவைப்பார். அது நேராகப் போகாதாம், பாம்பு மாதிரி இரண்டு நெளிவு நெளிந்து போகுமாம். ஒருநாள் அவர் கோடு எது என் கோடு எது என்று தெரியாமல் நான் கால்வாயை ஒட்டி வெட்டிவிட்டேன். ஆசிரியர் வீட்டம்மாளின் ரவிக்கைக் கை ஒன்று அப்படித்தான் வெனிசுக்குப் போயிற்று.

அங்கே குளிர் அதிகம் என்று பட்டாளத்தான் தன் கம்பளியைக் கொண்டுவந்து கொடுத்தான். சாம்பல் நிறம், தடிப்பு. அண்ணிக்கு அதில் ஒரு கோட்டு தைக்க வேண்டும் என்று அண்ணன் என்னிடம் தந்தார். பெண்களுக்குக் கோட்டு நான் அதுவரை தைத்ததில்லை. பெண்களை நிறுத்தி அளவெடுக்கிற வழக்கமும் எங்கள் ஊரில் இல்லை. அளவு ரவிக்கை ஒன்று அனுப்புவார்கள், அதைப் பார்த்துத் தைப்போம். அப்படியே தைத்துக் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தது. வலது தோள் தூக்குகிறது என்றார்கள். பிரித்துத் தைத்தேன். இப்போது முதுகு சுருங்குகிறது என்று வந்தது. மூன்றாம் முறையும் வந்தது.

நான்காம் முறை நானே கோட்டைக் கொண்டு கொடுக்கப் போனபோதுதான் அவர்கள் வீட்டுச் சுவரில் அந்தப் படத்தைப் பார்த்தேன். பட்டாளத்தான் வெனிசில் வாங்கி வந்த தபால் அட்டை. அண்ணன் அதற்குச் சாமி படத்துக்குப் பக்கத்தில் இடம் கொடுத்திருந்தார். தண்ணீர், மாடி வீடுகள், ஒல்லியான ஒரு கறுப்புப் படகு, நின்றுகொண்டு துடுப்புப் போடும் ஆள். ஓரத்தில் ஒரு பாலம், மாட்டின் திமில் மாதிரி. தையற்காரன் கண் கோடுகளை விடாது. அந்தத் திமிலின் இரண்டு பக்கமும் மெல்லிய கோடுகள் வரிசையாக இருந்தன. படி.

அந்தத் தடவையும் ஒத்துவரவில்லை என்று உள்ளேயிருந்தே கோட்டு திரும்பி வந்தது. கம்பளியை மடித்து எடுத்துக்கொண்டு வந்து மறுபடி பிரித்தேன்.

ஐப்பசி பிறந்து முதல் தூறல் போட்ட ஒரு சாயங்காலம் மூவரும் என் கடையில் இருந்தோம். அண்ணன் வழக்கம்போலப் பலகையில் கோடு போட்டபடியே கேட்டார். "மச்சான், படகுக்காரன் ஒருநாள் வரல. காய்ச்சல்னு வெச்சிக்கோ. எதுத்த தெருவுக்கு எப்பிடிப் போறது?"

பட்டாளத்தான் நான்கு மாதமாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவன். அன்று களைத்துப்போயிருந்தான் போலிருக்கிறது. "பாலம் இருக்குது பாவா" என்று வாயை விட்டுவிட்டான்.

"பாலமா? எப்பிடிப் பாலம்?"

பட்டாளத்தான் தூறலைப் பார்ப்பதுபோல வாசல் பக்கம் திரும்பினான்.

"மச்சான். எறங்குற எடம் எப்பிடி?"

"படி பாவா. ஏர்றதுக்குப் பத்துப் பதினஞ்சு, எறங்கறதுக்குப் பத்துப் பதினஞ்சு."

"இந்த மாதிரி எத்தினி?"

"தெருவுக்கு ரெண்டு மூணு." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நம்ம மலையாட்டம் ஒரே எடத்துல இல்ல. ஊரு பூரா பிரிச்சிப் போட்டு வெச்சிகிறானுங்க. ஸ்டேஷன் வாசல்லயே இருக்குது."

அண்ணன் சாக்குக்கட்டியைப் பலகையில் வைத்தார். கோபமாகக் கத்துவார் என்று பயந்தேன். "பாலம் கட்டற பட்டாளத்துல இருந்தவனுக்குப் பாலத்தைச் சொல்ல மறந்துபோச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அதற்கப்புறம் பத்து நாள் மழை. சவாரி குறைவு. வந்த சவாரியிடமும் அவர் எதுவும் கேட்கவில்லை என்று ஸ்டாண்டில் சொன்னார்கள். அடிவாரம் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாராம். கிழவர் ஒருவர் தானாகவே முக்காலியை அவிழ்த்துப் போட்டு இறங்கியிருக்கிறார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் இல்லாத நேரமாகப் பார்த்து அண்ணியிடம் போனேன். "அண்ணி, அந்த ஊர்ல படி இருக்குதாம்" என்றேன், திக்கித் திணறி.

அவர்கள் பூக் கட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும் தம்பி. படத்த மாட்டுன அன்னிக்கே எண்ணிட்டேன். இந்தப் பக்கம் பதினொண்ணு. அந்தப் பக்கம் வூடு மறைக்குது."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"எந்த எடத்தப் பாத்தாலும் எனக்குக் கண்ணு மொதல்ல படிக்குத்தானே போவும்." நாரை இழுத்து முடிச்சுப் போட்டார்கள். "அவரு அந்த ஊர பத்திப் பேசறப்ப, நான் அங்க எறங்கி நின்னுகினு இருக்கற மாதிரியே பேசுவாரு. கேக்க நல்லா இருந்திச்சி. அதக் கெடுக்கறதா?" பிறகு நிமிர்ந்து பார்த்தார்கள். "கோட்ட தச்சி முடி தம்பி. குளுரு இங்கயும்தான் வருது."

"அளவு ஒத்துவரலியே அண்ணி. உக்காந்தேதான் பாத்திருக்கேன், கடைக்கு வந்து நின்னு காட்டினாத்தான் தெரியும்."

"நான் உன் கடைக்கு வந்த மாதிரிதான்" என்று சிரித்தார்கள்.

மழை விடவில்லை. ஒருநாள் காலையில் ஏரி நிரம்பி வழிந்து தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. பெரிய ஆபத்தில்லை, தொடையளவு. எல்லார் வீட்டு வாசற்படிக்கும் சரியாக நின்றது. நான் துணிகளை மேல் பரணில் ஏற்றிவிட்டுக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பத்து வீடு தள்ளி அண்ணன் தன் வாசலில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். படியைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். மறுபடி படியைப் பார்த்தார். அவர் நின்ற விதமே மாறியது. இவ்வளவு தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து அவரும் பட்டாளத்தானுமாக ஏரிக்கரை வெல்ல ஆலையிலிருந்து ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கருப்பஞ்சாறு காய்ச்சுகிற இரும்புக் கொப்பரை. மாட்டுவண்டிச் சக்கரத்தைவிட அகலம். ஆலை தை மாதம்தான் ஓடும் என்பதால் சும்மா கவிழ்ந்து கிடந்தது. தண்ணீரில் அது பூப்போல மிதந்தது. அண்ணன் தானே ஏறி நடுவில் உட்கார்ந்து பார்த்தார், ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தார். சாய்ந்து உள்ளே தண்ணீர் வந்ததும் இறைத்துவிட்டு உள்ளே அடியில் பாரத்துக்கு இரண்டு செங்கல் வைத்தார்.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எனக்கு அந்தப் பழைய ஆடிக் கிருத்திகைக் கதை ஞாபகம் வந்தது. யாராவது ஏதாவது கத்திவிட்டால்?

கொப்பரையின் விளிம்பும் வாசற்படியும் ஒரே மட்டத்தில் நின்றன. அண்ணி படியில் உட்கார்ந்தார்கள். கழியை உள்ளே போட்டார்கள். கையை ஊன்றி நகர்ந்தார்கள். உள்ளே இருந்தார்கள். அவ்வளவுதான். யாரும் தொடவில்லை.

"நடுவுல உக்காரு! முன்பாரம் ஆவுது பாரு!" என்று ஜட்காவில் கத்துகிற அதே குரலில் அண்ணன் கத்தினார்.

"யோவ், நான் இன்னா நெல்லு மூட்டையா? மெதுவா சொல்லு!"

எதிர்வீட்டு நெசவுக்காரர் மனைவி வாசலிலிருந்து கேட்டாள். "எங்கக்கா கெளம்பிட்ட?"

அண்ணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்கள். "வெனிசுக்கு. வரியா?"

தெரு சிரித்தது. அந்தச் சிரிப்பில் அண்ணியும் சேர்ந்து சிரித்தார்கள், எல்லாரையும்விட உரக்க. தொடையளவுத் தண்ணீரில் அண்ணன் ஒரு பக்கம், பட்டாளத்தான் ஒரு பக்கம். முக்காலி அண்ணனின் தோளில். பத்து வீடுகளையும் கடக்க அரைமணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி அண்ணி குசலம் விசாரித்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்து, "ஓ, உன் அடுப்பு இந்தப் பக்கமா இருக்குது? நான் அந்தப் பக்கம்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார்கள். பதினெட்டு வருஷமாக ஒரே தெருவில் இருந்தவர்கள்.

கடைசியில் என் கடை வாசலுக்கு வந்து நின்றது கொப்பரை.

"டெய்லரு, கோட்ட எடு" என்றார் அண்ணன். பிறகு அவசரமாக, "இரு, இரு, நவுராத! மொதல்ல நான் எடத்தப் பாக்கறேன்" என்று தோளிலிருந்து முக்காலியை இறக்கித் தண்ணீருக்குள் விட்டு, காலால் அழுத்தி, மண் இளகுகிறதா என்று ஏறி நின்று பார்த்து, அது ஒரு பக்கம் சாய, எடுத்து வேறு இடத்தில் வைத்து, மறுபடி அழுத்திக்கொண்டிருந்தார்.

இதற்குள் அண்ணி என் கடைப் படியில் கையை வைத்தார்கள். நகர்ந்தார்கள். நிலையைப் பிடித்துக் கழியை ஊன்றி எழுந்து, உள்ளே இரண்டு எட்டு வைத்து, வெட்டுப் பலகையருகே நின்றார்கள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கழி ஊன்றும் பக்கம் தோள் இரண்டு விரற்கடை உயர்ந்திருந்தது. எந்த அளவு ரவிக்கையும் அதை எனக்குச் சொல்லவில்லை. தொடாமல், பார்த்தபடியே கோட்டில் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன்.

வெளியே அண்ணன் முக்காலியை ஒருவழியாக நிலைநிறுத்திவிட்டு நிமிர்ந்தார். கொப்பரை காலியாக இருந்தது. உள்ளே பார்த்தார்.

"எறங்குற எடம்..." என்று ஆரம்பித்தார்.

"நல்லாத்தான்யா இருக்குது" என்றார்கள் அண்ணி.

அந்த முக்காலியை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.  பிறகு, தண்ணீர் இடுப்பு வரை ஏற, அதன் மேல் தானே உட்கார்ந்துகொண்டார்.